பதிவு பெற்றவரா, பழகியவரா?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஏதோ ஓர் ஊரில், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இருக்கிற ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பத்து வயது. தானாக உட்கார வராது. சோற்றைக் குழைத்துத்தான் ஊட்ட வேண்டும். அந்த வருஷம் மழை தப்பிவிட்டது. சாமையும் மரவள்ளியும் கைகொடுக்கவில்லை. தாயும் தகப்பனும் மிளகு பறிக்கக் கேரளத்துக்கோ, காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்கோ போனால்தான் கடன் அடையும். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

இப்படிப்பட்ட நேரத்தில்தான் யாராவது வந்து, “கீழே எங்கள் ஹோமில் விடுங்கள். சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் இலவசம். நாங்கள் பதிவு பெற்ற ட்ரஸ்ட்” என்று சொல்வார். பக்கத்து வீட்டு அத்தையோ, “நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வாங்க” என்பார். அத்தையிடம் எந்தப் பதிவும் கிடையாது, எந்தச் சான்றிதழும் கிடையாது. இரண்டு பேரில் யாரை நம்புவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை நம் வீட்டை விட்டுப் போய் இன்னொருவர் கூரையின் கீழ் இரவு தங்கப் போகிறது என்றால், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி பதிவு பெறாத இடம் வேண்டவே வேண்டாம். அவர்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வேண்டாம். உதவி செய்கிறவர் நம் வீட்டுக்கு வருகிறார், நாலு பேர் பார்க்கும்படி நம் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அங்கே காகிதத்தைவிட ஆள் முக்கியம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் இந்த உரையில் சொல்லப் போகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகள் அதில் வருகின்றன. அதன் 50-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைத் தங்கவைக்கவோ, பராமரிக்கவோ, படிப்பிக்கவோ, பயிற்சி கொடுக்கவோ யார் ஒரு நிறுவனம் நடத்தினாலும் பதிவுச் சான்று பெற்றுத்தான் நடத்த வேண்டும் என்கிறது. விண்ணப்பம் வந்தால் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி விசாரித்து, விதிகளில் சொன்ன வசதிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்த சான்றை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். தவறு நடந்தால் சான்றை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. அரசே நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் இந்தப் பதிவு தேவையில்லை.

கவனியுங்கள், இந்தச் சட்டம் நிறுவனத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பக்கத்து வீட்டு அத்தையைப் பதிவு செய்யச் சொல்லவில்லை.

அடுத்தது, நம் மக்கள் அதிகம் ஏமாறுகிற இடம். “நாங்கள் பதிவு பெற்றவர்கள்” என்று ஒருவர் சொன்னால், எந்தப் பதிவு என்று கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி வாங்கலாம். அந்த அமைப்புக்கும் நன்கொடை கொடுக்கிறவர்களுக்கும் வரிச் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணம் வாங்க வேறோர் அனுமதி இருக்கிறது. இத்தனையும் அழகாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டியிருப்பார்கள். இவற்றில் எதுவும், அங்கே எத்தனை கட்டில் இருக்கிறது, ராத்திரியில் யார் கூட இருக்கிறார்கள், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்த காகிதம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் சான்று வேறு. தங்குகிறவர்கள் மனநோய் உள்ளவர்கள் என்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வைத்திருக்கும் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பார் என்று கேட்பீர்கள். அவர் பார்க்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், “இந்தப் பேரில் இந்த ஊரில் ஒரு ஹோம் இருக்கிறதாம், உங்கள் பட்டியலில் இருக்கிறதா?” என்று கேட்டால் போதும். வாயால் சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். ஊரில் படித்த பிள்ளை ஒருவர் அதை எழுதிக் கொடுத்தால் அது பெரிய உதவி.

நமக்கு மிக அருகில் நடந்ததைச் சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்று ஓர் இல்லம் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியது 2019 நவம்பர் 26-இல்தான். அதுவரை நாமும் விழுப்புரத்துக்காரர்கள்தான். அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் தரப்பு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது, மனநலம் பாதித்தவர்களும் ஆதரவற்றவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உரிய அனுமதி இல்லாமல் இல்லம் நடந்தது தெரியவந்தது. பாலியல் வன்கொடுமை, அடி உதை என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த இல்லம் காட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. பல வருஷமாக எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்க்கும் கடமை உள்ளவர்கள் என்று யாரும் இல்லை, அல்லது பார்க்கவில்லை. ஒரு குடும்பம் நீதிமன்றம் வரைக்கும் போனதால் கதவு திறந்தது.

அதற்கு ஏறத்தாழ 22 வருஷம் முன்னால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உரிமம் வாங்கித்தான் இப்படிப்பட்ட இடங்களை நடத்த வேண்டும் என்ற சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, உரிமம் இல்லை, சங்கிலி இருந்தது. அங்கே விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு வழி தெரியாமல், ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்கள். பிற்பாடு அதே தர்காவில் அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து, பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி செய்தார்கள். மக்கள் போகிற இடத்துக்கு மருத்துவம் போனது. இது நம் மலைக்கும் பொருந்தும், பிறகு வருகிறேன்.

அப்படியென்றால் பதிவு பெற்ற இடத்தில் எல்லாம் சரியாக இருக்குமா? இருக்காது. உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே 2013-இல் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் அரசு பணத்தை மாற்றுத்திறனாளியின் பேரிலேயே ஒதுக்குகிறது. திட்டத்தைத் தானே நிர்வகிக்கிறவர், பதிவு பெற்ற நிறுவனத்திடமும் உதவி வாங்கலாம், பதிவில்லாத தனி ஆளிடமும் வாங்கலாம். பலர் தெரிந்தவரையே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். தூரத்து ஊர்களில் பதிவு பெற்றவர் கிடைப்பதே அரிது. நம் மலையின் கதைதான், ஆனால் பணம் உள்ள நாட்டில். அங்கே அடிலெய்டு நகரில் ஆன்-மேரி ஸ்மித் என்ற பெண் 2020 ஏப்ரலில் இறந்தார். வயது 54. மூளை முடக்குவாதம் உள்ளவர். தன் சொந்த வீட்டில், ஒரே ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் இருந்தார். ஒரு பிரம்பு நாற்காலியிலேயே இரவும் பகலும் விடப்பட்டு, புண் வைத்து, சத்தில்லாமல் இளைத்துப் போயிருந்தார். பராமரிப்பாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரை அனுப்பிய நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றது.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்து யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. மூன்றிலும் மற்றவர் கண் உள்ளே போகவில்லை. பதிவு என்பது அரசின் கண் உள்ளே வருவதற்கான ஏற்பாடு. ஊர் என்பது இன்னொரு கண். பதிவில்லாத ஹோமில் அரசின் கண்ணும் இல்லை, ஊரின் கண்ணும் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அத்தையின் திண்ணையை நாலு வீட்டார் பார்க்கிறார்கள். பிள்ளை அழுதால் எதிர்வீட்டுக்குக் கேட்கும்.

அத்தை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விடச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்களாலேயே, உறவுக்காரர்களாலேயே கேடு நடப்பது உண்டு. பேச்சு வராத பெண் பிள்ளை என்றால் பயம் இன்னும் அதிகம். அதனால் ஒருவரிடம் மட்டும் விடாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர் என்று இன்னும் இரண்டு பேரிடமாவது, “நாங்கள் ஊரில் இல்லை, வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை பயந்து ஒடுங்கினாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ 1098-க்குப் போன் செய்யலாம். அது குழந்தைகளுக்கான உதவி எண்.

அத்தைக்குச் சான்றிதழ் வேண்டாம், ஆனால் சில காரியங்கள் தெரிந்திருக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் படுக்கப்போட்டு ஊட்டக் கூடாது. சோறு நுரையீரலுக்குள் போய்விடும். சாய்த்து உட்காரவைத்து, தலை பின்னால் மல்லாராமல் பிடித்துக்கொண்டு, சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும். ஒரே பக்கம் கிடக்கவிடாமல் இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது திருப்பிப் போட வேண்டும்; முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வலிப்பு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான். அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்கிறவர் படித்தவராக, பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

அங்கேதான் சிகிச்சை செய்கிறேன் என்று வருகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பதிவு எண் உண்டு. கேட்டால் சொல்ல வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்வது அந்தச் சட்டத்தின்படி குற்றம். பிசியோதெரபி செய்கிறவர்கள் அந்தக் கழகத்தில் வருவதில்லை. அவர்களிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று விறைத்த கால்களை வேகமாக இழுத்தால், நடக்காத பிள்ளையின் மெலிந்த எலும்பு முறிந்துபோகும். “மூன்று மாதத்தில் எழுந்து நடக்கவைக்கிறேன், இவ்வளவு பணம் கொடுங்கள்” என்று யார் சொன்னாலும் அவரை மலையிறங்கச் சொல்லுங்கள். பயிற்சியால் பிள்ளை முன்னேறும், நிறையவே முன்னேறும். ஆனால் மூளை முடக்குவாதத்தை அடியோடு குணமாக்கும் மருந்து எவரிடமும் இல்லை.

பிறவியில் வந்த குறைபாட்டுக்கு மட்டும்தான் படித்தவரின் பயிற்சி வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை பாதித்தது. நடுவயதில் பார்வை போனவருக்கு, வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும் அடுப்படியில் தட்டுத் தடுமாறாமல் வேலை செய்யவும் பயிற்சி வேண்டும். அதை அக்கம்பக்கத்தார் பாசத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது.

சரி, மலையிலேயே இருக்கிற ஆளையும் படித்த நிபுணரையும் சேர்க்க வழியில்லையா? இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975-இல் முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கியது. சுற்று வட்டாரக் கிராமங்களில் உள்ள பெண்களுக்கே சங்கம் பயிற்சி கொடுக்கிறது. அவர்கள் வீடுவீடாகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பட்டம் பெற்ற நிபுணர்கள் முடிவு செய்கிறார்கள். கைபேசிச் செயலி வழியாக முன்னேற்றத்தைப் பார்க்கிறார்கள். பதிவும் பொறுப்பும் நிறுவனத்திடம். பிள்ளையைத் தொடும் கை உள்ளூர்க் கை. கல்வராயன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால், தாய் தகப்பன் பிள்ளையைக் கீழே அனுப்பும் தேவையே பாதி குறைந்துவிடும். தமிழ்நாடு உரிமைகள் திட்டம் என்று உலக வங்கி உதவியோடு அரசு நடத்துகிற திட்டத்தில் விழுதுகள் சேவை மையங்கள் வருகின்றன. அவை சமவெளியோடு நின்றுவிடாமல் மலையேற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஹோமில்தான் விட வேண்டும் என்ற நிலைமை சில குடும்பங்களுக்கு வரும். அப்படிப் போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. சான்று சுவரில் இருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஆபீஸ் அறையை விட்டு எழுந்து, படுக்கிற இடத்தையும் சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள். கட்டிவைக்கிற கயிறோ சங்கிலியோ கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே திரும்பிவிடுங்கள். மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். பெண் பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். “மாதம் ஒரு தடவைதான் வரலாம், சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்” என்று சொல்கிற இடம் எனக்குப் பிடிக்காது. நினைத்த நேரத்தில் போகவும், போனில் பிள்ளையின் குரலைக் கேட்கவும் விட வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளையின் ஆதார், தனித்துவ அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு ஆகியவற்றின் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகை அந்தக் கணக்கில்தான் வருகிறது. பத்திரத்தாளில், “இனி எங்களுக்குப் பாத்தியதை இல்லை” என்பது போல எழுதி நீட்டினால் கைநாட்டு வைக்காதீர்கள். 18 வயது தாண்டிய, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிப்பது, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர் மட்டக் குழு. எந்த ஹோமும் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது.

பதிவில்லாமல் நடத்தினால் என்ன தண்டனை என்று கேட்டால் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. மனிதர்களை அடைத்துவைக்கிற இடத்துக்கு இது போதாது என்றே நினைக்கிறேன். அதே நேரம், நேர்மையாக ஒரு சிறிய பகல் நேர மையம் நடத்துகிறவர்கள், மாடிப்படி அகலம், தீயணைப்புச் சான்று, கட்டடச் சான்று என்று அலைந்து பதிவு கிடைக்காமல் மூடிவிடுவதும் நடக்கிறது. வெள்ளிமலையில் ஒரு பகல் மையம் தொடங்க யாராவது முன்வந்தால், அதிகாரிகள் மேலே போய்ப் பார்த்து, குறையைச் சொல்லிக் கொடுத்து, பதிவு வாங்கவைக்க வேண்டும். அவர்களைக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறவைக்கக் கூடாது.

கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றி சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று கேள்விகள் எழுந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவையும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். அதை நாம் கேட்டால்தான் வரும். கேட்பதற்கு ஏற்கெனவே உரிமை இருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் திருத்தம் வந்தது. அதற்காக வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

ஆகவே திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மலையிலிருந்து யாராவது இறங்குகிறீர்கள் என்றால், மனுவில் பொதுவாக உதவி வேண்டும் என்று எழுதாதீர்கள். எங்கள் ஊருக்குச் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோவும் மாதத்தில் எந்தெந்தத் தேதியில் வருவார்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்கு அவர்கள் பயிற்சி தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பிள்ளையின் அட்டையோடு சேர்த்து வையுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டின் எண்ணைப் போட்டு அடுத்த மனுவை எழுதலாம்.